உவர்க் கிணறும் கச்சான் காற்றும்: திருகோணமலை வளவில் வருடக்கணக்கில் பூக்கும் செடிகள்

வெளிநாட்டு விதைப் பைகளில் போட்டிருக்கும் வலய எண்ணைப் பார்த்துச் செடி வாங்காதீர்கள். ஒரு செடி எவ்வளவு குளிர் தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. திருகோணமலையில் குளிரால் செத்த பூச்செடியை யாரும் கண்டதில்லை. இங்கே செடியைத் தின்பவை வேறு: வைகாசியிலிருந்து வீசும் கச்சான், அதே மாதங்களில் உவர்த்துப்போகும் கிணறு, பிறகு கார்த்திகையில் ஒரே இரவில் வேரை மூடி நிற்கும் வெள்ளம். இந்த மூன்றையும் தாங்கி வருடக்கணக்கில் பூக்கிற செடிகளைத் தெரிவு செய்து நடுவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. மண்வெட்டி பிடிப்பது, கன்றின் பையைக் கிழிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கன்று வாங்கமுதல் கிணற்றைப் பாருங்கள்

உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று கடற்கரையை ஒட்டிய மணல் நிலங்களில் கிணற்றுத் தண்ணி என்பது பெய்த மழைதான். அது மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல் நீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. மாரியில் அந்தப் படை தடிப்பாக இருக்கும். ஆடி, ஆவணியில் மெலிந்துவிடும். அந்த நேரம் மோட்டரைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறி வரும். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று இறைப்பது நல்லது.

தண்ணியில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும் மின்கடத்துதிறன் மீற்றர் பேனா அளவில் கிடைக்கிறது. தோட்டத்துக்கு நான் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் ஒரே கருவி இதுதான். மண்ணில் குத்தி ஈரம் பார்க்கிற கருவியெல்லாம் வீண்செலவு, அதற்கு விரல் இருக்கிறது. மீற்றர் 700 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே காட்டினால் உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். 700க்கும் 3,000க்கும் இடையில் என்றால் செடியையும் பார்த்துத் தெரிய வேண்டும், தண்ணி விடும் முறையையும் மாற்ற வேண்டும். 3,000ஐத் தாண்டினால் அந்தக் கிணற்றை நம்பிப் பூந்தோட்டம் போடாதீர்கள். ஆவணியில் அளந்து பாருங்கள். மார்கழியில் அளந்தால் கிணறு பொய் சொல்லும்.

மீற்றர் இல்லையென்றால் அந்தத் தண்ணியில் ஒரு பிளேன்ரீ போட்டுக் குடியுங்கள். சீனியையும் மீறி உப்புத் தெரிந்தால் உங்களுடையது குறைந்தது இரண்டாவது வகைக் கிணறுதான்.

2. காற்று எந்தப் பக்கம்

கடலோரத்தில் எல்லோரும் கடல் பக்கத்தை மட்டும் அடைத்து வேலி போடுகிறார்கள். மாரியில் கடலிலிருந்து வரும் காற்று உப்பைக் கொண்டுவருகிறது என்பது உண்மை. ஆனால் கூடவே மழையும் வந்து இலையைக் கழுவிவிடுகிறது. கச்சான் வருவது எதிர்ப் பக்கத்திலிருந்து. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் சூடும் வறட்சியுமாகத் தென்மேற்கிலிருந்து இறங்குகிற காற்று அது. ஆகவே தடித்த செடிகளை மேற்கிலும் தெற்கிலும் வைத்து, மெல்லியவற்றை அவற்றின் மறைவில் நடுங்கள்.

3. எதை நடுவது

பூங்கன்றுக் கடைக்குப் போகமுதல் ஆவணியில் ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுங்கள். கோயில் மதில், பாடசாலை வேலி, பூட்டிக் கிடக்கும் வீடு என்று யாரும் தண்ணி ஊற்றாத இடங்களில் எது பூத்து நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் எல்லாக் கன்றும் நிழல்வலைக்குக் கீழே நல்ல தண்ணியில் வளர்ந்தது. அதன் பூவைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

என் தெரிவில் முதலில் நிற்பது அலரி. உவர், வெயில், கடற்காற்று எல்லாவற்றையும் தாங்கும். கொப்பை வெட்டித் தண்ணியில் வைத்தாலே வேர் விடும். ஆனால் இலை, பூ, பால், பட்டை முழுவதும் நஞ்சு. தவழ்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம். வெட்டிய கொப்பை அடுப்பில் வைக்கவும் கூடாது.

அடுத்தது போகன்விலா, எங்கள் வீட்டுக் கடதாசிப்பூ. நிறமாகத் தெரிவது பூவைச் சுற்றிய இலைகள். உள்ளே வெள்ளையாகச் சின்னதாக இருப்பதுதான் பூ. தண்ணியும் பசளையும் கூடினால் பச்சை இலையாகத் தள்ளும், கொஞ்சம் காயவிட்டால் பூக்கும். பல நிற ஒட்டுக்கன்றுகளுக்கு விலை அதிகம். நான் பழைய ஊதா வகையைத்தான் சொல்வேன்.

பட்டிப்பூவை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு, வேலியோரத்தில் தானாக முளைப்பதால். மடகஸ்காரிலிருந்து வந்த இந்தச் செடியிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் எடுக்கிறார்கள். வறட்சியில் இதை அசைக்க முடியாது, வேரில் தண்ணி நின்றால் மட்டும் அழுகிவிடும். மேட்டில் நடுங்கள்.

செவ்வரத்தையில் ஒற்றையடுக்குச் சிவப்பு ஒன்றே போதும். கொழும்பிலிருந்து வரும் பெரிய பூ வகைகள் கச்சானில் மொட்டோடு உதிர்க்கும். அரைநிழல் இடத்துக்கு நந்தியாவட்டை. எக்ஸோரா மணலைவிடச் செம்மண்ணுக்கே நல்லது. சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த கடற்கரை மண்ணில் இரும்புச்சத்தை இழுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகிவிடும்.

சாடியில் வைப்பதற்கு அடீனியம். அதற்கு ஆழமில்லாத அகன்ற சட்டிதான் பிடிக்கும், கிண்ணியாத் தயிர்ச்சட்டியைவிட நல்லது கடையில் இல்லை. ஒருநாள் தண்ணியில் ஊறவிட்டு, சீமெந்து துளைக்கும் அலகால் மெதுவாக அடியில் ஓட்டை போடுங்கள். மாரி தொடங்கினால் கூரைக்குக் கீழே எடுத்து வையுங்கள், கிழங்கு அழுகிவிடும்.

நாயுன்னியும் எதையும் தாங்கும், அழகாகவும் பூக்கும். ஆனால் காட்டுக்குள் பரவி மற்றச் செடிகளை அமுக்குகிற அந்நியச் செடி அது, வளவுக்குள் கொண்டுவர வேண்டாம். நுவரெலியாவில் படம் எடுத்து வந்து ஹைட்ரேஞ்சியா கேட்பவர்களுக்கு: அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. படத்தை வைத்திருங்கள்.

4. நடும் காலமும் குழியும்

ஐப்பசியில் முதல் இரண்டு மழை விழுந்து மண் குளிர்ந்த பிறகு நடுங்கள். எங்கள் மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விழுந்துவிடுகிறது. அதற்குள் வேர் ஓடிவிட்டால் கச்சான் வரும்போது செடி நிற்கும். சித்திரை வருடப்பிறப்புக்கு வாங்கி நடும் கன்றுக்கு அந்த அவகாசம் இல்லை.

குழி ஒன்றரை அடி. மணல் நிலமென்றால் அடியில் தேங்காய் உரிமட்டையை உட்புறம் மேலே பார்க்க ஒரு படை அடுக்குங்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதற்கு மேல் நன்றாக மக்கிய மாட்டெரு, கூட்டெரு, எடுத்த மண். கன்றை வைக்கும்போது, முக்கியமாகப் போகன்விலாவில், வேரோடு ஒட்டிய மண் உடையக் கூடாது.

தும்புச்சோறு (தேங்காய் மட்டையில் தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூள்) கலப்பவர்கள் கவனியுங்கள். மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டு எடுத்த தும்புச்சோற்றில் உப்பு நிறைந்திருக்கும். வாளியில் போட்டு நல்ல தண்ணியில் கழுவி, பிழிந்து, வடியும் தண்ணியின் கறை குறையும்வரை திரும்பக் கழுவிய பிறகே பாவியுங்கள்.

5. தண்ணி விடுவது

எனக்கு விளங்க நாள் எடுத்த இடம் இதுதான்.

கோடையில் செவ்வரத்தை இலையின் ஓரம் மண்ணிறமாகும், பிறகு நுனி கருகும், நடு பச்சையாகவே இருக்கும். முற்றிய இலைகளில் தொடங்கும். பார்க்கிற எல்லோரும் “தண்ணி காணாது” என்பார்கள். நாளுக்கு ஒரு தரம் ஊற்றியதை இரண்டு தரமாக்கினாலும் கருகல் நிற்காது. பசளைக் கடையில் கேட்டால் ஒரு பொதி இரசாயனப் பசளை தருவார்கள். உப்போடு உப்பாக அதுவும் சேர்ந்து, கருகல் கூடும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய காலத்தில் ஊரே திண்டாடியது, விவசாயிகள் பட்டது கொஞ்சமல்ல. ஆனாலும் பூச்செடிக்கு மாட்டெருவே போதும் என்பது எனக்கு உறுதியானது அப்போதுதான்.

கணக்கைப் பாருங்கள். மீற்றர் 1,500 காட்டும் தண்ணியில் லீற்றருக்கு ஏறக்குறைய 1 கிராம் உப்பு இருக்கும். ஒரு செடிக்கு நாளுக்கு 3 லீற்றர் ஊற்றினால் மாதத்துக்கு 90 கிராம். தண்ணியைச் செடி குடிக்கும், வெயில் குடிக்கும். உப்பை யாரும் குடிப்பதில்லை. நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிற தண்ணி வேருக்குக் கீழே போவதே இல்லை என்பதால், உப்பு முழுக்க வேர் நிற்கும் இடத்திலேயே தங்குகிறது.

ஆகவே ஊன்றிவிட்ட செடிக்கு நாளுக்கு 3 லீற்றரை விட்டுவிட்டு, மூன்று நாளுக்கு ஒருதரம் 10 லீற்றர் விடுங்கள். பாத்தி கட்டி, மெதுவாக, முழுவதும் இறங்க விட வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருதரம் அதைப்போல இரண்டு மடங்கு விட்டால், சேர்ந்த உப்பு வேரைத் தாண்டிக் கீழே போகும். சாடியென்றால் அடி ஓட்டையால் தாராளமாக வடியும்வரை விடுங்கள்.

இலைமேல் உவர்த்தண்ணியைத் தெளிக்காதீர்கள், காய்ந்ததும் உப்பு இலையிலேயே படியும். அதனால்தான் எனக்குப் பூவாளி பிடிக்காது. ஹோஸின் முனையைப் பாத்திக்குள் படுக்க வைத்து, பைப்பைப் பாதி திறந்துவிட்டுப் போய் வேறு வேலை பார்க்கலாம்.

மேலே சருகு, தென்னோலைத் துண்டு போட்டு மூடுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் கறையான் தண்டில் ஏறும்.

6. வெட்டுவது

மழை ஓய்ந்த தை, மாசியில் வெட்டுங்கள். செவ்வரத்தையில் மூன்றில் ஒரு பங்கு, போகன்விலாவில் நீட்டி நிற்கும் தடிகள். ஆனி, ஆடியில் வெட்டினால் திறந்த தண்டை வெயில் சுட்டுவிடும்.

பிற்சேர்க்கை: மான்கள்

இதை நான் எழுதவே மறந்திருந்தேன், நகரத்துக்குள் இருக்கும் மூன்று பேர் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டார்கள். பிரெட்றிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் இரவில் வளவுக்குள் வந்து செவ்வரத்தையைக் குச்சியாக்கிவிட்டுப் போகின்றன. கட்டாக்காலி மாடும் ஆடும் தனிக்கணக்கு. பால் வடிகிற அலரி, பட்டிப்பூ, நந்தியாவட்டை, அடீனியம் ஆகியவற்றைப் பொதுவாக அவை விட்டுவிடும். தெருவோரம் இவற்றை நட்டு, செவ்வரத்தையைப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய மீன்வலையைத் தொங்கவிட்டு வேலி கட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி, கொம்பு சிக்கினால் மான் மாட்டிக்கொண்டு செத்துவிடும். கம்பிவலையை இறுக்கிக் கட்டுங்கள்.

இன்னுமொன்று: ரோசா

“எதைச் சொன்னாலும் எனக்கு ரோசாதான் வேண்டும்” என்று எழுதிய அக்காவுக்கு: உவர்க் கிணறென்றால் நிலத்தில் வைக்காதீர்கள். சாடியில் வைத்து, காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்தில் நிறுத்தி, மாரியில் பீலியால் பரலில் பிடித்து வைத்த மழைத்தண்ணியை மட்டும் ஊற்றுங்கள். ஒரு பரல் இரண்டு சாடிக்குக் கோடையின் பாதிவரை வரும். பரலின் வாயை நுளம்பு வலையால் இறுக்கி மூடுங்கள், சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். டெங்குக் காலத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து முதலில் பார்ப்பது அந்தத் தட்டைத்தான்.