‘டேக் ஆஃப் தெம்’ ஏன் தவறு? ஆங்கில வினையோடு ஒட்டும் சிறுசொற்கள்

கானாடுகாத்தான், காரைக்குடி, ஆத்தங்குடி பக்கம் வெளிநாட்டு விருந்தினர்களோடு நாள்தோறும் பேசுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் பிள்ளைகளுக்குச் சொற்கள் நிறையத் தெரியும், காலங்களும் தெரியும். ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’ போன்ற பிரதிப்பெயர்களை எங்கே வைப்பது என்பதில்தான் வாக்கியம் சறுக்குகிறது. முகப்பில் நின்று, விருந்தினரின் காலணிகளைக் காட்டி, ‘ப்ளீஸ் டேக் ஆஃப் தெம்’ என்பார்கள். கேட்பவருக்குப் புரிந்துவிடும். அதனாலேயே யாரும் திருத்துவதில்லை, தவறும் வேர்விட்டுவிடுகிறது. ‘டேக் தெம் ஆஃப்’ என்பதே சரி. அதற்கான காரணத்தைத் தேடிப் பிடித்து, சொல்லிக்கொடுத்துப் பார்த்து, பயன்தந்த வரிசையில் கீழே தருகிறேன்.

படி 1: வடிவம்

வினைக்குப் பின்னால் ‘மீ, ஹிம், ஹர், அஸ், தெம்’ மட்டுமே வரும். ‘ஐ, ஹி, ஷி, வி, தே’ வராது. ‘வெய்ட் ஃபார் ஹிம்’ என்பதே சரி. பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், மேலே போவோம்.

படி 2: சிறுசொல் யாருக்குச் சொந்தம்?

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. ‘ஆஃப், அப், இன், ஃபார், டு, அட்’ எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் செய்யும் வேலை இரண்டு வகை. சில, வினையோடு சேர்ந்து அதன் பொருளை முழுமையாக்குகின்றன. தமிழில் ‘கழற்றிவிடு’, ‘எழுதிவை’, ‘தூக்கிப்போடு’ என்கிறோமே, அந்தத் துணைவினையின் வேலை அது. ‘டேக் ஆஃப்’, ‘ரைட் டவுன்’, ‘த்ரோ அவே’ இந்த வகை. மற்றவை பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொள்கின்றன. அவை நம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கின்றன. ‘அவருக்காக’ என்பதில் உள்ள ‘ஆக’ போல, ‘ஃபார் ஹிம்’ என்பதில் ‘ஃபார்’. உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது நம் வழக்கம். பெயருக்கு முன்னால் நிற்பது ஆங்கில வழக்கம்.

ஒரே சொல் இரண்டு வேலையும் செய்யும். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் இடத்துக்கு விருந்தினரை அழைத்துப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். வண்ணங்களைச் சுட்டி நீங்கள் சொல்ல வேண்டியது ‘தே போர் தெம் இன்’. அச்சைத் தூக்கி எடுக்கும்போது ‘தே லிஃப்ட் இட் அவுட்’. மேலே மணலும் சிமெண்டும் போட்டு, காயவைத்து, பிறகு தொட்டித் தண்ணீரில் இறக்குகிறார்கள். அப்போது ‘தே புட் இட் இன் வாட்டர்’. முதல் ‘இன்’ வினையோடு போகிறது, ‘ஊற்றிவிடுவது’ போல. கடைசி ‘இன்’ தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, ‘தண்ணீரில்’ என்பதன் ‘இல்’ அது. இந்த வேறுபாடு காதில் விழுந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 3: பிரதிப்பெயரின் இடம்

சிறுசொல் வினைக்குச் சொந்தமானால், பிரதிப்பெயர் நடுவில் நுழைய வேண்டும்: ‘பிக் இட் அப்’, ‘ஸ்விட்ச் தெம் ஆஃப்’, ‘வேக் ஹிம் அப்’. இதற்கு மாற்று கிடையாது. முழுப் பெயராக இருந்தால் உரிமை உண்டு. ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ இரண்டும் சரி. இந்த உரிமைதான் ஆளைக் குழப்புகிறது. ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’ சரியென்று பழகிய வாய், ‘ஷூஸ்’ இருந்த இடத்தில் ‘தெம்’ போட்டுவிடுகிறது. ஆகவே பிள்ளைகளிடம் நான் வற்புறுத்துவது இதுதான்: முழுப் பெயரையும் நடுவிலேயே வைத்துப் பழகுங்கள். ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ என்று தொடங்கியவருக்கு ‘டேக் தெம் ஆஃப்’ தானாக வரும். பெயர் நீளமாக இருந்தால் மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள்.

சிறுசொல் பெயருக்குச் சொந்தமானால் பிரதிப்பெயர் அதன் பின்னால்தான் வரும்: ‘லுக் அட் இட்’, ‘வெய்ட் ஃபார் ஹிம்’, ‘லிசன் டு மீ’.

எது எந்த வகை என்று தெரியவில்லையா? வினைக்கும் சிறுசொல்லுக்கும் நடுவில் ‘கேர்ஃபுலி’, ‘பேஷன்ட்லி’ போன்ற ஒரு சொல்லைச் செருகுங்கள். ‘லுக் கேர்ஃபுலி அட் இட்’ நிற்கிறது, அப்படியானால் உருபு. ‘டேக் கேர்ஃபுலி ஆஃப்’ நிற்கவில்லை, அப்படியானால் துணை. அழுத்தத்தையும் கவனியுங்கள். ‘டேக் தெம் ஆஃப்’ என்பதில் ‘ஆஃப்’ ஓங்கி ஒலிக்கும். ‘லுக் அட் தெம்’ என்பதில் ‘லுக்’ ஓங்கும், ‘அட்’ அமுங்கிப்போகும். ஆனால் ‘லுக் ஆஃப்டர் ஹர்’ இந்தச் சோதனைகளுக்குச் சரியாகப் பிடிகொடுக்காது. ‘லுக் ஹர் ஆஃப்டர்’ என்று ஒருபோதும் வராது. அதை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

படி 4: சிறுசொல்லே வேண்டாத வினைகள்

‘அவரிடம் கேளுங்கள்’ என்னும்போது ‘இடம்’ இருப்பதால் ‘ஆஸ்க் டு ஹிம்’ என்று வந்துவிடுகிறது. ‘ஆஸ்க் ஹிம்’, ‘டெல் ஹர்’ போதும். ‘அதைப் பற்றி’ என்ற நினைப்பில் ‘டிஸ்கஸ் அபவுட் இட்’ என்கிறோம். ‘டிஸ்கஸ் இட்’ போதும். காரைக்குடிக்குப் போய்ச் சேர்வது ‘ரீச் காரைக்குடி’. நடுவில் ‘டு’ கிடையாது. இதற்கு நேர்மாறாக, ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ தவறு. ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’ என்றே சொல்ல வேண்டும்.

படி 5: மூன்று சொல் சேர்ந்தவை

‘லுக் ஃபார்வர்ட் டு இட்’, ‘ரன் அவுட் ஆஃப் இட்’. இவற்றில் பிரதிப்பெயர் எப்போதும் கடைசியில். அவ்வளவுதான்.

எந்த அகராதி?

மொழிபெயர்ப்புச் செயலிகளை இதற்கு நம்பாதீர்கள்; அவை பொருளைத் தரும், வரிசை ஏன் அப்படி என்பதைச் சொல்லித்தராது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் லாங்மேன் அகராதியைத்தான் நான் பரிந்துரைப்பேன். ‘பிக் அப்’ என்று தேடினால், வினைக்குரிய பெயருக்கும் ‘அப்’ என்பதற்கும் இடையே இருமுனை அம்புக்குறி ஒன்று இருக்கும். அம்பு இருந்தால் பிரிக்கலாம். ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்கு அம்பு இருக்காது. வினை எந்த அமைப்பில் வரும் என்பதைக் கற்பவருக்காகவே விளக்கும் வேறோர் அகராதியை ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி உருவாக்கினார். 1942இல் டோக்கியோவில் வெளியான அதை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பித்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களின் சிக்கலை வகுப்பறையில் நேரில் பார்த்தவர் செய்த வேலை என்பதால் அதன் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

பின்சேர்க்கை

‘லுக் ஓவர் இட்’ என்று கேட்டிருக்கிறோமே, அது தவறா என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். தவறில்லை, பொருள் வேறு. விருந்தினர் ரசீதை நீட்டி ‘ப்ளீஸ் லுக் இட் ஓவர்’ என்றால் சரிபார்க்கச் சொல்கிறார். மாடிக் கைப்பிடிச் சுவரைக் காட்டி ‘லுக் ஓவர் இட்’ என்றால் அதற்கு மேலாக எட்டிப் பார்க்கச் சொல்கிறார். ‘ஸீ த்ரூ ஹிம்’ என்பதும் இப்படியே. அவருடைய பாசாங்கைக் கண்டுகொள்வது என்று பொருள். ‘ஸீ ஹிம் த்ரூ’ என்றால் கஷ்டகாலம் முழுவதும் அவருக்குத் துணைநிற்பது.