கப்பன் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

பெங்களூரின் கப்பன் பூங்காவுக்குச் செல்வோர், சொந்த வண்டியைத் தவிர்த்து, அதன் பெயரையே தாங்கிய மெட்ரோ நிலையத்தில் இறங்கிக்கொள்வது நல்லது. 1870-ஆம் ஆண்டில் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கியின் திட்டப்படி ஏறத்தாழ 100 ஏக்கரில் உருவான இப்பூங்கா, தொடக்கத்தில் மீட் பூங்கா என்று அழைக்கப்பட்டு, காலப்போக்கில் சுமார் 300 ஏக்கராக விரிந்தது.

குழந்தைகளுடன் வருவோர் முதலில் பால பவனுக்குச் செல்லலாம். மற்றவர்கள் தவறவிடக் கூடாதது, மைசூர் திவானாக 1883 முதல் 1901 வரை பணியாற்றிய சேஷாத்ரி ஐயரின் நினைவு மண்டபமே. ரோஜாத் தோட்டத்துக்குப் பின்னே செந்நிறத்தில் நிற்கும் அக்கட்டடத்தில்தான் மாநில மத்திய நூலகம் இயங்குகிறது. கட்டடத்தை முழுமையாகக் காண, தோட்டத்தின் மறுகோடியிலிருந்து பார்க்க வேண்டும். வெயில் ஏறினால், மூங்கில் புதர்களுக்கிடையே கிடக்கும் இயற்கைப் பாறைகளில் அமர்ந்து இளைப்பாறலாம்.