முன்னோடிகளா, குடியேறிகளா? ஓரிகன் தடத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை

அமெரிக்காவில் நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளை ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து, "எங்களுக்குப் பயனியர்ஸ் பாடம் தொடங்கிவிட்டது" என்று சொல்லும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்து வளர்ந்த பெற்றோருக்கு அந்தப் பாடம் முற்றிலும் புதிது. வகுப்பில் உதவ வாருங்கள் என்று ஆசிரியர் அழைத்துவிட்டால் தயக்கம் இன்னும் கூடும். முதன்முறையாக இதைக் கற்பிக்கப் போகும் பெற்றோருக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன். ஒரு வாரம் போதும். நீளமான சார்ட் தாள், சாக்பீஸ், வண்ணப் பென்சில்கள், ஒரு நாட்காட்டி, இவ்வளவுதான் தேவை.

தொடங்கும் முன் ஒன்று. பயனியர்ஸ், அதாவது அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போன முன்னோடிகள் என்று பொதுவாக எடுத்துக்கொண்டால் பாடம் நூறு திசைகளில் சிதறிவிடும். ஒரே ஒரு பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்துக்கொள்வது ஓரிகன் தடம். மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரில் தொடங்கி, ஓரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கு வரை ஏறக்குறைய 2,000 மைல். 1843இல் சுமார் ஆயிரம் பேர் ஒரே பருவத்தில் அதில் கிளம்பினார்கள். 1869இல் கண்டம் கடந்த ரயில் பாதை முடியும் வரை பல லட்சம் பேர் இதிலும் இதிலிருந்து பிரிந்த கலிபோர்னியா தடத்திலும் மேற்கே போனார்கள்.

முதல் படி: மக்களை வரைந்த பிறகு பாதையை வரையுங்கள்

பெரும்பாலான பாடநூல்களில் வெறும் வெள்ளை நிலத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஓடும். அந்தப் படத்தை முதலில் பார்த்த பிள்ளையின் மனத்தில் அந்த நிலம் யாருமற்ற நிலமாகவே தங்கிவிடும். ஆகவே வரிசையை மாற்றுங்கள். சார்ட் தாளில் ஆறுகளையும் மலைகளையும் மட்டும் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அங்கே வாழ்ந்தவர்களை எழுதச் சொல்லுங்கள். பிளாட் ஆற்றங்கரையில் பானி மக்கள். லாரமி கோட்டையைச் சுற்றி லகோட்டா, செயென், அரபஹோ. ஸ்னேக் ஆற்றுப் பகுதியில் ஷோஷோனி, பேனக். நீல மலைகளின் அருகே கயூஸ். வில்லாமெட் பள்ளத்தாக்கில் கலபூயா. தாள் நிறைந்த பிறகுதான் சிவப்புப் பென்சிலை எடுக்க வேண்டும். கோடு ஒவ்வொரு பெயரையும் வெட்டிக்கொண்டு போவதைப் பிள்ளைகள் தாங்களே பார்ப்பார்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

கலபூயா மக்களிடம் சற்று நில்லுங்கள். 1830களின் தொடக்கத்தில் பரவிய காய்ச்சலில் அவர்களில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். பத்து ஆண்டுகள் கழித்து வண்டிகள் வந்து சேர்ந்தபோது பள்ளத்தாக்கு காலியாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம்.

நம் பழைய பாடநூல்கள் பழக்கிய 'செவ்விந்தியர்' என்ற சொல்லை இங்கேயே விட்டுவிடலாம். பூர்வகுடி மக்கள் என்று சொல்லலாம். அந்தந்த மக்களின் பெயரையே சொல்வது இன்னும் நல்லது.

இரண்டாம் படி: தரையில் ஒரு வண்டி

பிள்ளைகள் மிகவும் விரும்பும் பகுதி இது, நேரம் தாராளமாக ஒதுக்குங்கள். தரையில் சாக்பீஸால் பத்தடி நீளம், நான்கடி அகலத்தில் ஒரு செவ்வகம் வரையுங்கள். கூண்டு வண்டியின் தளம் ஏறத்தாழ அவ்வளவுதான். மேலே வளைத்த மரச்சட்டங்கள்; அவற்றின் மேல் ஆளிவிதை எண்ணெய் தடவிய கித்தான் துணி. இழுப்பவை பெரும்பாலும் காளைகள். குதிரையைவிட மெதுவாகப் போனாலும் விலை குறைவு, வழியில் கிடைக்கும் புல்லே போதும், சேற்றிலும் அசராமல் இழுக்கும்.

இப்போது கணக்கு. வண்டி சுமார் 2,000 பவுண்டு தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அக்காலத்தில் பயணிகளுக்கு வந்த ஒரு வழிகாட்டி, வளர்ந்த ஒருவருக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு பேக்கன், 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு காப்பி, 10 பவுண்டு உப்பு எடுத்துச் செல்லச் சொன்னது. அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பாதி அளவு. மொத்தம் எவ்வளவு என்று அவர்களே கூட்டட்டும். 1,560 பவுண்டு வரும். மிச்சம் 440.

அந்த 440 பவுண்டுக்குள் கலப்பை, கோடரி, துப்பாக்கி, வெடிமருந்து, இரும்புச் சட்டி, படுக்கை, கூடாரம், மாற்று அச்சு, வண்டி மை எல்லாம் அடங்க வேண்டும். அதற்குப் பிறகும் இடமிருந்தால் பாட்டியின் கடிகாரம். ஒவ்வொரு பொருளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் செவ்வகத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். எதை விடுவது என்று சண்டை வரும். வரட்டும், தடுக்காதீர்கள். உண்மையிலேயே பாதையோரம் அடுப்புகளும் அலமாரிகளும் வீசப்பட்டுக் கிடந்தன.

"நாங்கள் எங்கே உட்காருவது?" என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்வி வரும் வரை காத்திருங்கள். வந்ததும், பெரும்பாலோர் ஓரிகன் வரை நடந்தே போனார்கள் என்று சொல்லுங்கள்.

மரமில்லாத சமவெளியில் அடுப்பெரிக்க என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். காய்ந்த காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கி வந்து எரித்தார்கள். வறட்டி தட்டும் பாட்டியைப் பார்த்த பிள்ளைக்கு இது சட்டென்று புரியும். வகுப்பில் மற்றவர்களுக்கு அதை விளக்கும் பெருமையை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள்.

மூன்றாம் படி: நாட்காட்டி

ஒரு நாளைக்குச் சுமார் 15 மைல். 2,000 மைலுக்கு எத்தனை நாள்? வகுத்தால் 133. ஓய்வு நாள், மழை, ஆறு கடக்கும் நாள் எல்லாம் சேர்த்தால் ஐந்து மாதம். எந்த மாதம் கிளம்ப வேண்டும் என்று கேளுங்கள். மார்ச்சில் போனால் காளைகளுக்குப் புல் முளைத்திருக்காது. தாமதமானால் மேற்கு மலைகளில் பனி பிடித்துக்கொள்ளும். ஆக ஏப்ரல் கடைசி அல்லது மே. வயோமிங்கில் உள்ள இன்டிபென்டன்ஸ் பாறையை ஜூலை 4 வாக்கில் எட்டினால் பயணம் சரியான வேகத்தில் போகிறது என்று பொருள். அந்தப் பாறையில் அவர்கள் செதுக்கிய பெயர்கள் இன்றும் இருக்கின்றன.

நான்காம் படி: எதனால் இறந்தார்கள்?

விடை சொல்லும் முன் பிள்ளைகளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். திரைப்படங்களின் தாக்கத்தால் பலர் அம்புகளையும் தாக்குதலையும்தான் எழுதுவார்கள். உண்மை வேறு. மிகப் பெரிய எமன் நோய், அதிலும் காலரா. 1849 முதல் 1852 வரை பிளாட் ஆற்றின் ஓரமாக அது அள்ளிக்கொண்டு போனது. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் புதைக்கப்பட்டார். அடுத்து ஆற்றில் மூழ்குதல், சக்கரத்தில் சிக்குதல், தம் துப்பாக்கியே தவறி வெடித்தல்.

தாக்குதல்கள் நடந்ததும் உண்மை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அளவைச் சொல்லுங்கள். 1840 முதல் 1860 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூவின் கணக்கில், பூர்வகுடியினரால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர். பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடியினர் 426 பேர். இந்த இரண்டு எண்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஷோஷோனி மக்கள் சால்மன் மீன் விற்றதையும், பல இடங்களில் பூர்வகுடியினர் ஆறு கடக்க உதவியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். தலையில் இறகு செருகித் தாக்குதல் நாடகம் போடும் பழக்கம் சில வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு மக்களின் துயரம் வேடம் போடுவதற்கு உரியதல்ல. அதே வகுப்பில் அந்த மக்களின் பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம்.

ஐந்தாம் படி: ஒரு சிறுமியின் கதை

எண்களுக்குப் பிறகு ஓர் ஆள் வேண்டும். நான் தேர்ந்தெடுப்பது கேத்தரின் சேகர். 1844இல் பெற்றோருடனும் ஐந்து உடன்பிறப்புகளுடனும் கிளம்பியபோது அவளுக்கு ஒன்பது வயது. ஓடும் வண்டியிலிருந்து குதித்தபோது பாவாடை சிக்கிக்கொண்டது. சக்கரம் காலின் மேல் ஏறி எலும்பு முறிந்தது. பிறகு தந்தை காய்ச்சலில் இறந்தார். ஒரு மாதத்துக்குள் தாயும் போனாள். கடைக்குட்டி, வழியிலேயே பிறந்த கைக்குழந்தை. வண்டிக் கூட்டத்தார் ஏழு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கயூஸ் மக்களின் நிலத்தில் மிஷன் நடத்திய விட்மன் தம்பதி அவர்களை எடுத்து வளர்த்தார்கள்.

சிறிய பிள்ளைகளுக்கு இங்கேயே நிறுத்திவிடலாம். ஏழாம் வகுப்புக்கு மேல் என்றால் மீதியையும் சொல்ல வேண்டும். 1847இல் தட்டம்மை பரவியது. வெள்ளைக் குழந்தைகளில் பலர் பிழைத்தார்கள். நோயெதிர்ப்பு இல்லாத கயூஸ் குழந்தைகள் ஒவ்வொருவராக இறந்தார்கள், மருத்துவரான விட்மன்மேல் சந்தேகம் வளர்ந்தது. அந்த நவம்பரில் கயூஸ் மக்களில் சிலர் விட்மன் தம்பதியையும் வேறு பலரையும் கொன்றார்கள். கேத்தரினின் அண்ணன்கள் இருவரும் அதில் மாண்டார்கள். 1850இல் ஐந்து கயூஸ் ஆண்கள் ஓரிகன் சிட்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். கதையை மெதுவாகச் சொல்லி, கேத்தரினுக்கு ஒரு கேள்வியும் பிள்ளையை இழந்த ஒரு கயூஸ் தாய்க்கு ஒரு கேள்வியும் எழுதச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: நிலம் யாருக்குக் கிடைத்தது?

1850இல் வந்த நிலக்கொடைச் சட்டம் ஓரிகனில் குடியேறிய மணமான தம்பதிக்கு 640 ஏக்கர் வரை தந்தது. பாதி மனைவியின் பெயரில், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் கறுப்பினத்தவருக்கு இல்லை. 1844இல் இதே தடத்தில் வந்த ஜார்ஜ் புஷ் என்ற கறுப்பினத்தவர், கறுப்பர்கள் குடியிருக்கவே கூடாது என்ற ஓரிகன் சட்டத்தால் கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே போய் நிலம் திருத்தினார். அந்த நிலம் அவருக்கு உறுதியாக 1855இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சட்டம் தூக்கிக் கொடுத்த நிலத்துக்குப் பலமுறை விலையும் பேசப்படவில்லை, ஒப்பந்தமும் இல்லை என்பதை முதல் நாள் வரைந்த தாளைக் காட்டிச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வரைபடத்துக்குத் தலைப்பு

கடைசி வகுப்பில் அந்தத் தாளுக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். முன்னோடி என்றால் முன்னே ஓடியவர். அங்கே ஏற்கெனவே மக்கள் இருக்க, யாருக்கு முன்னே? குடியேறி என்றால் வேறு படம். பயணம் போனவர்கள் பெரும்பாலும் தங்களை எமிகிரண்ட்ஸ், அதாவது நாட்டைவிட்டுப் போகிறவர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். 1846 வரை ஓரிகனை அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்தே உரிமை கொண்டாடின, ஆகவே அவர்கள் உண்மையிலேயே தம் நாட்டின் எல்லையைத் தாண்டித்தான் போனார்கள். மூன்று சொற்களையும் பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் பேசட்டும். ஒரே தலைப்பில் ஒத்துப்போகாவிட்டால் தாளின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டையும் எழுதிச் சுவரில் மாட்டிவிடுங்கள்.