'முணுமுணுத்தான்' என்று எப்போது எழுதலாம்?

கதை எழுதத் தொடங்குகிறவர்களுக்கு 'சொன்னான்' சீக்கிரம் சலித்துவிடும். அடுத்து 'முணுமுணுத்தான்', 'கிசுகிசுத்தான்', 'முனகினான்' என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். மூன்றுமே தணிந்த குரல்தான், ஆனால் இடம் மாறினால் காட்சியே மாறிவிடும்.

படி 1: எழுத்தைச் சரிபாருங்கள்

முணுமுணு இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் போய்விடும். 'முணுத்தான்' என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. அதனால் நடுவில் இடைவெளியோ கோடோ வேண்டாம். முணுமுணுத்தான், முணுமுணுக்கிறாள், முணுமுணுப்பார்கள் என்று காலம் காட்டும். பெயராக்கினால் முணுமுணுப்பு. இதில் வருவது டண்ணகரம் (ண). 'முனகு' என்பதை றன்னகரம் (ன) போட்டு எழுதுவதே இன்று வழக்கம்.

படி 2: யார் காதுக்காகப் பேசுகிறார்?

மூன்று சொற்களும் பிரியும் இடம் இதுதான். முணுமுணுப்பவர் தனக்குத்தானே பேசுகிறார். வாய் அசைவது தெரியும், வார்த்தை பிடிபடாது. ஆகவே 'அவளிடம் முணுமுணுத்தான்' என்பது கொஞ்சம் இடறுகிறது. எதிரே இருப்பவர் மட்டும் கேட்க வேண்டிய ரகசியம் என்றால் 'அவள் காதில் கிசுகிசுத்தான்'. பேச்சு வழக்கில் 'குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க' என்போம்.

முனகலுக்கு வார்த்தையே தேவையில்லை. வலி, தூக்கம், சலிப்பு எதிலும் அது வரும். காய்ச்சலில் படுத்திருப்பவர் என்றால் 'அனத்தினார்' இன்னும் பொருத்தம். உளறுவது வேறு வகை: அங்கே குரல் உரக்கவே இருக்கலாம், பேச்சில்தான் கோவை இருக்காது.

படி 3: மனநிலையைப் பொருத்துங்கள்

முணுமுணுப்பில் பெரும்பாலும் ஒரு குறை ஒளிந்திருக்கும். 'இதுக்கும் நான்தான் கிடைச்சேனா என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள்' என்றால் அவள் வேலையைச் செய்கிறாள், ஆனால் மனம் ஒப்பவில்லை என்று இரண்டும் தெரிந்துவிடுகிறது. 'கட்சிக்குள் முணுமுணுப்பு' என்று செய்தியில் வருவதும் இப்படித்தான். அதிருப்தி இருக்கிறது, மேடையேறவில்லை.

பாட்டும் மந்திரமும் விதிவிலக்கு. 'பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி கோலம் போட்டாள்' என்பதில் எந்தக் கோபமும் இல்லை. பாட்டை, மந்திரத்தை, பெயரை என்று 'ஐ' உருபு சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இந்தப் பொருள்தான்.

படி 4: உரையாடலைச் சுருக்குங்கள்

மூன்று முழு வாக்கியம் பேசவிட்டு முடிவில் 'என்று முணுமுணுத்தார்' என்று போட்டால் நம்ப முடியவில்லை. அத்தனையும் தெளிவாகக் கேட்டிருக்கிறதே! நாலைந்து வார்த்தை போதும். அல்லது 'ஏதோ முணுமுணுத்தார்' என்று விட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்தது இதுதான். 'ஏதோ'வும் முணுமுணுப்பும் நல்ல ஜோடி.

'மெதுவாக முணுமுணுத்தான்' என்பதில் 'மெதுவாக' வீண். ஆனால் 'காதில் விழும்படி முணுமுணுத்தாள்' வீணில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்கட்டும், கேட்டால் 'நான் ஒண்ணும் சொல்லலையே' என்று நழுவிக்கொள்ளலாம் என்ற தந்திரம் அதில் இருக்கிறது. கூட்டுக்குடும்பக் கதை எழுதுபவர்களுக்கு இது ரொம்ப உதவும்.

படி 5: ஆட்களோடு நிறுத்துங்கள்

'ஓடை முணுமுணுத்தது' மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. ஓடைக்குச் சலசலப்பு, வண்டுக்கு ரீங்காரம் என்று நம்மிடம் தனித்தனியாகவே இருக்கின்றன. கூட்டத்தில் எழும் ஓசைக்கும் 'சலசலப்பு' பொருந்தும்.

சரி, இப்போது நீங்கள். கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்:

அ. கல்யாணப் பந்தியில் உப்பில்லாத சாம்பாரைப் பிசைந்தபடி மாமா ______.
ஆ. மாப்பிள்ளை வந்துவிட்டதாகத் தோழி மணப்பெண்ணின் காதில் ______.
இ. காலில் அடிபட்ட சமையல்காரர் பாயில் புரண்டு ______.

விடை: முணுமுணுத்தார், கிசுகிசுத்தாள், முனகினார். 'அ'வில் மாமா பக்கத்து இலைக்காரரிடம் திரும்பி வாய்விட்டே குறை சொல்லியிருந்தால், விடை 'அலுத்துக்கொண்டார்'.