நீரிழிவோடு வாழ்பவர் பிறர் உதவியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஷியஸில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆகவே சர்க்கரை நோயைப் பற்றி ஆறுதல் சொல்ல ஆளில்லாத தெரு இங்கே இல்லை. நம்மிடம் இல்லாதது, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடுதான்.

முதல் தவறு, எல்லாப் பொறுப்பையும் ஒருவர் தலையில் ஏற்றுவது. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் அம்மா. மாமா இறந்தபோது அவர் மூன்று நாள் ரோஸ் ஹில்லில் தங்க நேர்ந்தது. இரண்டாம் நாள் காலை அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது, விரல்கள் நடுங்கின, பேச்சுக் குழறியது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று தெரியாமல், பக்கத்து வீட்டு அக்கா வெயில் தாங்கவில்லை என்று நினைத்து விசிறிக்கொண்டே இருந்தார். அவருக்கு அன்பு குறைவில்லை. நாங்கள் அவரிடம் எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை.

பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று நோயை மறைப்பவர்களும் இதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். அருகில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனாலோ, அளக்க வழியில்லாமல் அப்பாவுக்கு வந்தது போன்ற அறிகுறிகள் தெரிந்தாலோ, நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸுக்கான 114 எண்ணுக்கு அழைக்க வேண்டும். இதை இப்போது எங்கள் குளிர்பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

துணையாக வந்தவர் காவலாளியாக மாறுவது இன்னொரு தவறு. "இது கூடாது, அது கூடாது" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால், நோயாளி சந்தையில் ஒளிந்து நின்று அலூடா என்னும் இனிப்புப் பால் பானத்தைக் குடிப்பார். ஒளித்துக் குடித்தது குறிப்பேட்டில் ஏறாததால், மருத்துவர் அரைகுறைக் கணக்கை வைத்துத்தான் மருந்தை முடிவு செய்ய வேண்டியிருக்கும். பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், நோயாளிக்கென்று தனிச் சமையல் செய்யாமல் எல்லோரும் அதே பருப்பையும் காய்கறியையும் உண்பதே நியாயம்.

கோயில் நண்பர்களை மறந்துவிடுவதை நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். தைப்பூசக் காவடி இங்கே கோடை வெயிலில் வருகிறது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்குச் சூடேறிய தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் கண்டாலும் வலி தெரியாது. புண் பழுத்த பிறகே தெரியும். நடக்கலாமா, விரதம் இருக்கலாமா, இருந்தால் மாத்திரையை எப்படி மாற்றுவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். அவர் அனுமதித்தால், கூட நடப்பவர் பையில் சர்க்கரை இருக்க வேண்டும். அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் இரு பாதங்களையும் விரலிடுக்கு வரை பார்க்கவும் ஒருவர் வேண்டும்.

ஒரே நோய் உள்ளவர்கள் அனுபவத்தைப் பகிரலாம். மாத்திரையைப் பகிரக் கூடாது.

மருத்துவரிடம் தனியாகப் போவதையும் தவிர்க்கலாம். இப்போது அப்பாவோடு என் தம்பி போகிறான். வீட்டிலேயே எழுதிக்கொண்டுபோன கேள்விகளை அவன் ஒவ்வொன்றாக வாசிக்க, அப்பா பதில்களைத் தம் கைப்படக் குறித்துக்கொள்கிறார்.