பள்ளிப் பைக்கு லாரி டேப்

லாரிகளின் பின்னால் ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் டேப்பை விரல் நீளத்துக்கு வெட்டி, பிள்ளைகளின் பள்ளிப் பையிலும் சைக்கிள் பெடலின் இரு விளிம்பிலும் ஒட்டிவிடுங்கள். சென்னை ஜி.பி. ரோடு மாதிரி வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள இடங்களில் கேட்டுப் பாருங்கள்.

விழுகிற வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், வண்டி ஓட்டுபவர் கண்ணில் பளிச்சென்று படும். பெடலில் இருப்பது மேலும் கீழும் ஆடுவதால் சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். நவம்பரில் சென்னையில் மாலை 5.40 வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. டியூஷன் முடிந்து வருகிறவர்களுக்கு இது ரொம்பவே உதவும்.

துணிப் பையில் பசை நிற்காது, நாலு தையல் போடுங்கள். மழை உறை மாட்டினால் டேப் மறைந்துவிடும், அதன் மேலும் ஒரு துண்டு வேண்டும். பகலிலும், ஹெட்லைட் போடாமல் ராங் சைடில் வரும் பைக்குகளிடமும் இது பலிக்காது.