அண்டை வீட்டு நாய் அவிழ்ந்து திரியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்களைப் பழக்கும் தொழிலில் எனக்கு 20 ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களிடம் அண்டை வீட்டு நாயைப் பற்றி விசாரித்தால், அவர்கள் முதலில் சொல்வது அதன் இனத்தைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் அவதிப்பட்டது என் நாய். கல்லெறியக் கூடாது, சீண்டக் கூடாது என்பவை எவரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

இனத்தின் பெயரால் புகார் சொல்வது

அடுத்த வீட்டில் அகன்ற தலையும் குட்டை முடியும் கொண்ட நாய் ஒன்று இருந்தது. வேலிக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாததால், வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது அது வெளியே வந்து, நானும் வயதான என் நாயும் நடக்கும் பாதையில் எதிர்ப்படும். ஒருநாள் நான் அதன் உரிமையாளரிடம் சென்று, "பிட்புல்லை இப்படி அவிழ்த்து விடலாமா?" என்று கேட்டேன். அந்த ஒரு சொல்லோடு பேச்சு திசைமாறிவிட்டது. தம் நாய் பிட்புல் இல்லை என்றார். வாங்கியபோது கிடைத்த சான்றைக் கொண்டுவந்து காட்டினார். குழந்தைகளோடு அது விளையாடும் படங்களையும் காட்டினார். நானோ செய்திகளில் படித்த கடிச் சம்பவங்களை அடுக்கினேன். இரண்டு மாதங்கள் இனத்தைப் பற்றியே வாதாடினோம். தாழ்ப்பாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் மாதம் ஒரு காலையில், அதே கதவு வழியாக வந்த நாய் என் நாயின் தோளைக் கவ்வியது. 11 தையல்கள் போட வேண்டியிருந்தது. காயம் ஆறிய பிறகும் பல மாதங்கள் அது வாசற்படியைத் தாண்டாமல் நடுங்கி நின்றது.

அவர் சொன்னதில் ஒரு பகுதி சரி என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பிட்புல் என்பது ஒரே இனத்தின் பெயர் அன்று. தோற்றத்தில் ஒத்த பல இனங்களையும் கலப்புகளையும் மக்கள் அப்படி அழைக்கிறார்கள். கலப்பு நாயின் இனத்தைப் பார்வையால் கணிப்பதில், நாளும் நாய்களோடு பழகுபவர்களே அடிக்கடி தவறுவதை மரபணுச் சோதனைகள் காட்டியுள்ளன. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் அளித்த விவரங்களையும் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதிகளையும் ஆராய்ந்து, நாய்க்கு நாய் காணப்படும் குணவேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிகிறது என்றது. நெதர்லாந்து 1993இல் பிட்புல் வகைக்கு விதித்த தடையை, கடிகள் குறையாததைக் கண்டு 2008இல் கைவிட முடிவு செய்தது. இதனால் எல்லா நாயும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. வலுவான தாடை கொண்ட பெரிய நாய் கடித்தால் காயமும் பெரிதாகத்தான் இருக்கும். ஆயினும், எந்த நாயானாலும் நாம் தடுக்க வேண்டியது அது தனியாக வெளியே வருவதை.

எனவே, புகாரில் இனப்பெயரே இடம்பெறக் கூடாது என்று என்னிடம் வருபவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடைவெளி வழியாக வந்தது, எவ்வளவு தூரம் பின்தொடர்ந்தது என்பவற்றைப் படத்தோடு குறித்துவையுங்கள். "உங்கள் கதவின் தாழ்ப்பாள் விழவில்லை, செவ்வாய் காலை ஏழு மணிக்கு நாய் தெருவில் நின்றது" என்று சொன்னால், இனச் சான்று அதற்குப் பதிலாகாது. இரண்டாம் முறை எழுத்தில் கொடுங்கள். அதற்கும் கதவு சரியாகவில்லை என்றால், அதே குறிப்புகளோடு உள்ளாட்சி அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

சாதுவான இனம் என்று நம்பிக் கை நீட்டுவது

"லாப்ரடார்தானே, வாலை ஆட்டுகிறதே" என்று சொல்லியபடி குனிந்த ஒரு மாணவரை அண்மையில் தோளைப் பிடித்து நிறுத்தினேன். வாலாட்டம் நாயின் கிளர்ச்சியைக் காட்டுகிறது. அந்தக் கிளர்ச்சி எப்போதும் நட்பாக இருப்பதில்லை. உடல் விறைத்து, வாய் மூடி, வால் உயர்ந்து, சின்னச் சின்ன வேக அசைவாக ஆடினால், அது எந்த இனமானாலும் விலகி நில்லுங்கள். அச்சமுற்ற நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டே கடைக்கண்ணால் பார்க்கும்போது விழியின் வெள்ளை பிறைபோலத் தெரியும். அதுவும் நெருங்காதே என்ற எச்சரிக்கையே.

ஓடுவது

ஓடாதீர்கள், கைகளை உடலோடு சேர்த்து, கண்ணோடு கண் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நில்லுங்கள்.

நாய்ச் சண்டையின் நடுவே கையை விடுவது

ஒருபோதும் கூடாது.

கடித்த பின்னும் இனத்தை விசாரிப்பது

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்பதையே உரிமையாளரிடம் கேட்க வேண்டும். கடித்த நாயை 10 நாட்கள் வெளியே விடாமல் கண்காணிக்கச் சொல்லுங்கள். ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருந்து உங்களுக்கான ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.